389 கேள்விக்குப் பதிலாக 12 கேள்வி

வா கண்ணு, முதலில் ஒரு விளையாட்டு. 1 முதல் 100 வரைக்கும் ஏதாவது ஓர் எண்ணை மனசுக்குள் நினைத்துக்கொள். என்னிடம் சொல்லாதே. நான் கேள்வி கேட்பேன். நீ "ஆமாம்", "இல்லை" என்று மட்டும் சொன்னால் போதும்.

"ஒன்றா? இரண்டா? மூன்றா?" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனால் என்ன ஆகும்? நீ 97 நினைத்திருந்தால் பொழுது சாய்ந்துவிடும்! நான் அப்படிக் கேட்க மாட்டேன். "50-ஐ விடப் பெரியதா?" என்பேன். நீ "ஆமாம்" என்றால் 1 முதல் 50 வரை அத்தனை எண்களும் ஒரே அடியில் காலி. அடுத்தது, "75-ஐ விடப் பெரியதா?" இப்படியே போனால் ஏழு கேள்விக்குள் உன் எண்ணைச் சொல்லிவிடுவேன். சந்தேகமாக இருந்தால் வீட்டில் யாரையாவது நினைக்கச் சொல்லி நீயே கேட்டுப் பார். எட்டாவது கேள்விக்கு வேலையே இருக்காது.

ஏன் தெரியுமா? ஒவ்வொரு பதிலும் மிச்சமிருக்கும் எண்களைப் பாதியாகக் குறைக்கிறது. 100 பேர் 50 ஆகிறார்கள், 50 பேர் 25, அப்புறம் 13, 7, 4, 2, கடைசியில் ஒன்றே ஒன்று. எண்ணிப் பார், ஏழு தடவை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அடுத்து என்ன கேட்பது என்பதை நான் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளவில்லை. நீ சொன்ன பதில்தான் அதைத் தீர்மானித்தது. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். இன்றைக்கு நாம் பேசப்போகும் விஷயத்துக்கு இதுதான் திறவுகோல்.

விஷயம் என்ன? ஒருவரின் மனசு நலமாக இருக்கிறதா என்று சோதிப்பதற்குக் கம்ப்யூட்டர் எப்படி உதவுகிறது என்பதுதான். "மனசைப் போய்க் கம்ப்யூட்டர் எப்படி மாமா சோதிக்கும்?" என்று இப்போதே கேட்டுவிட்டாய் அல்லவா? நல்ல கேள்வி. அப்படிக் கேட்கிற பிள்ளையைத்தான் எனக்குப் பிடிக்கும்.

காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் வைக்கிறார்கள். ரத்தசோகை என்றால் கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். மனச்சோர்வு என்ற நோய்க்கு அப்படி ஒரு கருவி இன்றுவரை கிடையாது. அது எக்ஸ்ரேயில் தெரியாது, ரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. பேசித்தான் ஆக வேண்டும். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். கணக்கில் மார்க் குறைந்தால் வருத்தம் வரும். சிநேகிதி பேசாமல் போனால் அழுகை வரும். இதெல்லாம் நோய் இல்லை. இரண்டு நாளில் சரியாகிவிடும். மனச்சோர்வு வேறு மாதிரி. அது வாரக்கணக்கில் தங்கிவிடும். தூக்கம் கெடும், சாப்பாடு பிடிக்காது, விளையாடக் கூப்பிட்டாலும் கால் எழாது. இதற்கு வைத்தியம் உண்டு, குணமாகும். ஆனால் முதலில் யாராவது கண்டுபிடிக்க வேண்டுமே!

அதற்காகத்தான் கேள்வித்தாள்கள் வந்தன. 1917-ல், முதல் உலகப் போர் நடந்தபோது, அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் உட்வொர்த் படைவீரர்களுக்காக ஒன்று தயாரிக்கத் தொடங்கினார். குண்டுச் சத்தத்தில் மனம் உடைந்துபோகக்கூடியவர்களை முன்கூட்டியே அறிவதுதான் நோக்கம். மொத்தம் 116 கேள்விகள். எல்லாவற்றுக்கும் ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல வேண்டும். பாவம், அது தயாராகி வருவதற்குள் போரே முடிந்துவிட்டது.

1943-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாத்தவே, மெக்கின்லி என்ற இருவர் இன்னும் பெரிய கேள்வித்தாள் ஒன்றை வெளியிட்டார்கள். அதில் 500-க்கும் அதிகமான வாக்கியங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் தனக்குப் பொருந்துமா, பொருந்தாதா என்று குறிக்க வேண்டும். ஏற்கெனவே சோர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் 500 கேள்வியை நீட்டினால் எப்படி இருக்கும், சொல்! விடைகளைக் கூட்டிக் கழித்து அர்த்தம் சொல்ல இன்னொருவர் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் மேயோ கிளினிக் என்ற புகழ்பெற்ற மருத்துவமனை அந்தக் கூட்டல் வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டது. அது கூட்டிப் பார்த்து, விளக்கக் குறிப்பையும் அச்சடித்துக் கொடுத்தது. மனநலச் சோதனையில் கம்ப்யூட்டர் கால் வைத்தது ஏறக்குறைய அப்போதுதான்.

இதுவரைக்கும் சரியா? சரி, மேலே போவோம்.

"ஏன் இத்தனை கேள்வி? முக்கியமானதை மட்டும் கேட்டால் என்ன?" என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். 2001-ல் ஸ்பிட்சர், வில்லியம்ஸ், குரோங்க்கே என்ற மூவர் ஒரே பக்கத்தில் அடங்கும் தாள் ஒன்றை வெளியிட்டார்கள். ஒன்பதே ஒன்பது கேள்விகள். பி.எச்.கியூ-9 என்று பெயர். உலகம் முழுக்க இன்றும் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

அந்தத் தாளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்ததா? மனம் வாட்டமாக இருந்ததா? தூக்கம் எப்படி? களைப்பு எப்படி? பசி எப்படி? இப்படிப் போகும். ஒரு நாளும் இல்லை என்றால் 0. சில நாள் என்றால் 1. பாதி நாளுக்கு மேல் என்றால் 2. ஏறக்குறைய தினமும் என்றால் 3.

ஒருவர் இப்படிக் குறித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்: 1, 2, 2, 1, 0, 3, 1, 2, 0. கூட்டு பார்க்கலாம். 12 வருகிறதா? சபாஷ். மொத்தம் 27-க்கு 12. பொதுவாக 10-ஐத் தொட்டாலே "இவரிடம் மருத்துவர் உட்கார்ந்து பேச வேண்டும்" என்று அர்த்தம். "இவருக்கு நோய் இருக்கிறது" என்று அர்த்தம் இல்லை. இந்த வித்தியாசத்தைப் பெரியவர்களே மறந்துவிடுகிறார்கள். நீ மறக்காதே.

ஒன்பதாவது கேள்வி மட்டும் கனமானது. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று அது கேட்கும். அதற்கு 0 தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே ஒரு மனிதர் பக்கத்தில் வந்து பேச வேண்டும்.

ஒன்பது கேள்வி கொண்ட தாள் சின்னது, நல்லது. ஆனால் ஒரு குறை உண்டு. நன்றாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவருக்கும், படுக்கையை விட்டு எழவே முடியாதவருக்கும் அதே ஒன்பது கேள்விகள்தான். "ஒன்றா? இரண்டா? மூன்றா?" என்று வரிசையாகக் கேட்ட மாதிரிதான் இதுவும்.

நம் ஏழு கேள்வி வித்தையை இங்கே கொண்டுவந்தால்?

அதைத்தான் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் கிப்பன்ஸும் அவருடைய குழுவும் செய்தார்கள். 2012-ல் அந்த ஆய்வு வெளியானது. முதலில் மனச்சோர்வு பற்றி 389 கேள்விகளைச் சேர்த்து ஒரு கேள்வி வங்கி உண்டாக்கினார்கள். நிறையப் பேரைப் பதில் சொல்ல வைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் எவ்வளவு கனம் என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டார்கள்.

கேள்விக்குக் கனமா? ஆமாம். "சில நாள் உற்சாகம் குறைந்ததா?" என்று கேட்டால் ஊரில் பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். அது லேசான கேள்வி. "தினமும் படுக்கையை விட்டு எழவே முடியவில்லையா?" என்று கேட்டால் வெகு சிலர்தான் ஆமாம் என்பார்கள். அது கனமான கேள்வி.

இப்போது சோதனை தொடங்குகிறது. கம்ப்யூட்டர் முதலில் நடுத்தரக் கனமுள்ள ஒரு கேள்வியை எடுக்கிறது. "மனம் வாடியதா?" "இல்லவே இல்லை" என்று பதில் வருகிறது. சரி, அப்படியானால் படுக்கையை விட்டு எழ முடியாத கேள்வியெல்லாம் இவரிடம் கேட்டு என்ன பயன்? லேசான கேள்விக்கு இறங்குகிறது. இன்னொருவர் "பெரும்பாலான நாள்" என்கிறார். அவருக்குக் கனமான பக்கம் ஏறுகிறது. ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும், இவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்ற மதிப்பீடு நெருங்கி நெருங்கி வருகிறது. இதற்கு மேல் கேட்டாலும் பெரிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை என்ற கட்டம் வந்ததும் தானே நின்றுவிடும்.

எத்தனை கேள்வியில் நின்றது தெரியுமா? சராசரியாக 12. 389 கேள்வியும் கேட்டு வரும் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டால் இரண்டும் மிக நெருக்கமாக ஒத்துப்போயின. எல்லோரையும் 389 கேள்வியை வைத்து வரிசையாக நிற்கச் சொல். பிறகு 12 கேள்வியை வைத்து நிற்கச் சொல். இரண்டு வரிசையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும்.

எண் விளையாட்டுக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வேற்றுமை உண்டு. விளையாட்டில் நீ 57 நினைத்தால் 57தான். மனிதர் மனசு அப்படி இல்லை. காலையில் ஒன்று சொல்வோம், மாலையில் வேறு சொல்வோம். அதனால் கம்ப்யூட்டர் "சரியாக இந்த இடம்" என்று அடித்துச் சொல்லாது. "ஏறக்குறைய இந்த அளவுக்குள்" என்றுதான் சொல்லும்.

உன் வயதுக்காரர்களுக்கும் இதே குழு ஒரு சோதனை செய்திருக்கிறது. 2020-ல் வெளியானது, 7 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு. அதில் பிள்ளை தனியாகப் பதில் சொல்லும், அம்மாவோ அப்பாவோ தனியாகப் பதில் சொல்வார்கள். நல்ல ஏற்பாடு! பிள்ளை மனசில் உள்ளதெல்லாம் பெற்றவர்களுக்குத் தெரிந்துவிடுகிறதா என்ன?

அடுத்து இயந்திரக் கற்றல். பெயரைக் கேட்டுப் பயப்படாதே. கம்ப்யூட்டருக்கு விதிகளை நாம் சொல்லிக்கொடுக்காமல், ஏராளமான உதாரணங்களைக் கொடுத்து, விதியை அதுவே கண்டுபிடிக்க வைப்பதுதான் இயந்திரக் கற்றல். இன்னின்னவர் இன்னின்ன பதில் சொன்னார்கள், மருத்துவர் பேசிப் பார்த்தபோது இவருக்கு மனச்சோர்வு இருந்தது, அவருக்கு இல்லை. இப்படிப் பல பேருடைய விவரங்களைக் கொடுத்துவிட்டால் எந்தப் பதில்கள் எதைக் காட்டுகின்றன என்று அது தானே தேறிக்கொள்ளும்.

2013-ல் கிப்பன்ஸ் குழு இந்த முறையில் இன்னொரு சோதனையை வெளியிட்டது. சராசரியாக நான்கே கேள்விகள்! மனச்சோர்வு உள்ள 100 பேரில் 95 பேரை அது கண்டுபிடித்தது. மனச்சோர்வு இல்லாத 100 பேரில் 87 பேரைச் சரியாக "இல்லை" என்று சொன்னது.

"அடேயப்பா, அப்புறம் மருத்துவர் எதற்கு?" என்று தோன்றுகிறதா? பென்சிலை எடு. ஒரு கணக்குப் போடுவோம்.

ஓர் ஊர். அதில் 1,000 பேர். அவர்களில் 100 பேருக்கு மனச்சோர்வு இருக்கிறது, 900 பேருக்கு இல்லை என்று வைத்துக்கொள். எல்லோருக்கும் அந்த நான்கு கேள்விச் சோதனை நடக்கிறது. 100 பேரில் 95 பேர் அகப்படுவார்கள். 5 பேர் தப்பிவிடுவார்கள். மறுபக்கம் 900 பேர். அவர்களில் நூற்றுக்கு 13 பேரைச் சோதனை தவறாக "உண்டு" என்று சொல்லும். 900-க்கு எத்தனை? 9 முறை 13. 117 பேர்.

மொத்தம் "உண்டு" என்று வந்தவர்கள் 95-உம் 117-உம் சேர்ந்து 212 பேர். இவர்களில் பாதிக்கு மேல் நோயே இல்லாதவர்கள்! சோதனை மோசம் என்று நினைக்காதே. நல்ல சோதனைதான். இல்லாதவர்கள் எண்ணிக்கை மிக அதிகம் என்பதால், அவர்களில் சின்னப் பங்கு தவறினாலும் பெரிய கூட்டம் ஆகிவிடுகிறது. இந்தக் கணக்கை இரண்டாவது முறையும் போட்டுப் பார். பெரிய படிப்புப் படித்தவர்களே சறுக்கும் இடம் இது.

மாம்பழம் வாங்கும்போது பாட்டி என்ன செய்வாள்? தோலில் கரும்புள்ளி உள்ளதையெல்லாம் ஒதுக்கி வைப்பாள். அறுத்துப் பார்த்தால் அதில் பல பழங்கள் தேனாக இனிக்கும். மேலே பளபளவென்று இருந்த ஒன்றுக்குள் வண்டு உட்கார்ந்திருக்கும். ஒதுக்குவதற்குத் தோலைப் பார்த்தால் போதும். முடிவு சொல்ல உள்ளே பார்த்தாக வேண்டும். நான்கு கேள்விச் சோதனை செய்வது ஒதுக்குகிற வேலையை மட்டும்தான். அந்த 212 பேரிடமும் உட்கார்ந்து பேச மனிதர் வேண்டும். ஆனால் 1,000 பேரிடம் பேச வேண்டியிருந்தது இப்போது 212 ஆகிவிட்டதே, அது எவ்வளவு பெரிய லாபம்!

இன்னொரு வேடிக்கை சொல்கிறேன். சிலர் மனிதரிடம் சொல்லக் கூச்சப்படுவதை இயந்திரத்திடம் சொல்லிவிடுகிறார்கள். அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் "எல்லி" என்ற திரைப் பெண் ஒருத்தியை உருவாக்கினார்கள். கேள்வி கேட்பாள், தலையாட்டுவாள். சிலரிடம் "இவளை இயக்குவது கம்ப்யூட்டர்" என்றார்கள். சிலரிடம் "பின்னால் ஒரு மனிதர் இருந்து இயக்குகிறார்" என்றார்கள். 2014-ல் முடிவு வெளியானது. கம்ப்யூட்டர் என்று நம்பியவர்கள்தான் பயம் குறைந்து, சோகத்தை மறைக்காமல் பேசினார்கள். யாரும் தன்னை மட்டமாக நினைக்க மாட்டார்கள் என்ற தைரியம்!

ஆனால் இதிலேயே ஆபத்தும் இருக்கிறது. 1966-ல் ஜோசப் வைசன்பாம் என்ற விஞ்ஞானி "எலைசா" என்ற நிரலை வெளியிட்டார். "அப்பா மேல் கோபம்" என்று தட்டினால் "உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்" என்கிற மாதிரி பதில் கொடுக்கும். அதற்கு ஒன்றும் புரியாது. நாம் சொன்ன சொல்லைத் திருப்பிப் போடும், அவ்வளவே. அவர் அதை உருவாக்கியதைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதோடு கொஞ்சம் பேசியதும், "நீங்கள் வெளியே போங்கள், நான் தனியாகப் பேச வேண்டும்" என்றாராம். வைசன்பாம் ஆடிப்போய்விட்டார். இயந்திரத்திடம் ஒப்படைக்கக் கூடாத வேலைகள் சில உண்டு என்று பிறகு ஒரு புத்தகமே எழுதினார். அவர் பேச்சு எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இயந்திரம் எந்த ஊர் உதாரணங்களைப் படித்ததோ அந்த ஊரைத்தான் அறியும். 2024-ல் அமெரிக்காவில் 868 பேருடைய ஃபேஸ்புக் பதிவுகளை ஆராய்ந்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்கள் ஆங்கிலத்தில் "நான்" என்ற சொல்லை அதிகம் பயன்படுத்துவார்கள் என்பது பழைய கண்டுபிடிப்பு. வெள்ளை இனத்தவரிடம் அது சரியாக இருந்தது. கறுப்பின மக்களிடம் அந்த அடையாளம் காணவே இல்லை! ஒரே நாடு, ஒரே மொழி, அங்கேயே இப்படி. தமிழில் "நேற்று ஊருக்குப் போனேன்" என்றாலே போதும், "நான்" தேவையில்லை. "நான்" எத்தனை என்று எண்ணும் இயந்திரம் தமிழ்ப் பிள்ளையிடம் வந்தால் என்ன ஆகும்? இதை உன்னிடமே விடுகிறேன். யோசி.

அப்படியானால் இயந்திரத்தை எங்கே வைப்பது? வாசலில் வைக்கலாம் என்பேன். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் 28 இடங்களை ஒப்பிட்டார்கள். சில இடங்களில், உதவி கேட்டு வருபவரிடம் முதலில் ஒரு சாட்பாட், அதாவது உரையாடும் நிரல், பேசி விவரம் வாங்கிக்கொண்டது. அங்கே உதவி கேட்டு வந்தவர்கள் 15 சதவீதம் கூடினார்கள். சாட்பாட் இல்லாத இடங்களில் 6 சதவீதம்தான் கூடியது. ஆய்வு செய்தவர்களில் பலர் அந்தச் சாட்பாட்டைத் தயாரித்த நிறுவனத்துக்காரர்கள். விஞ்ஞானம் படிக்கிறவன் அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் கதவைத் தட்டவே தயங்கியவர்கள் தட்டினார்கள் என்பது நல்ல செய்தி. உள்ளே போனபின் வைத்தியம் பார்த்தவர்கள் மனிதர்கள்.

கடைசியாக உன்னிடம் ஒரு வேண்டுகோள். செல்போனில் "உனக்கு மனச்சோர்வா? இரண்டு நிமிடத்தில் சோதித்துப் பார்" என்று எது வந்தாலும் தனியாக உட்கார்ந்து அழுத்திப் பார்க்காதே. நாம் போட்ட கணக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா? உனக்கோ உன் சிநேகிதனுக்கோ இரண்டு வாரமாக மனசே சரியில்லை என்றால் அம்மா, அப்பா, டீச்சர், யாராவது ஒரு பெரியவரிடம் சொல். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். இந்திய அரசின் டெலி-மானஸ் சேவை அது, 2022-ல் தொடங்கியது. காசு கிடையாது, எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். சிறுவர்களுக்கான உதவி எண் 1098. இரண்டையும் இப்போதே உன் நோட்டின் பின் அட்டையில் எழுதி வை.